இருட்டுப் போத்தல்

கொக்குவிலில் பிரிட்ஜ் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். வாயு கசிகிற இடத்தைக் கண்டுபிடிப்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையில் தொட்டுக் குழாயில் பூசினால் ஓட்டை உள்ள இடத்தில் குமிழி வரும். வராவிட்டால் ஓட்டை இல்லை. இதில் கதைக்க வேறென்ன இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அவர் கடைக்கு வந்தார்.

சைக்கிளில் வந்தார். நாற்பதைத் தாண்டிய பெண். கழுத்தில் பல்கலைக்கழக அட்டை, கரியரில் ஒரு கடதாசிப் பெட்டி. பெட்டிக்குள் துவாய் சுற்றிய கண்ணாடிப் போத்தல். அதன் மூடியிலிருந்து மெல்லிய குழாய்கள் கிளம்பி நாலு பொருத்துகளில் முடிந்தன.

"அண்ணை, இதிலை எங்கையோ வாயு போகுது. பாத்துச் சொல்லுவியளோ?"

காற்றை ஏற்றி, நாலு பொருத்திலும் பூசிப் பார்த்தேன். ஒரு குமிழியும் இல்லை.

"ஓட்டை இல்லை மிஸ்."

அவர் தலையாட்டினார். பிறகு, "ஓட்டை இருக்கெண்டு நிச்சயமாத் தெரிஞ்ச குழாய் ஏதும் கடையிலை கிடக்கோ?" என்று கேட்டார்.

"கிடக்கு. ஏன்?"

"அதிலை ஒருக்காப் பூசிக் காட்டுங்கோ."

மூலையில் கிடந்த பழைய பிரிட்ஜ் குழாயை எடுத்துக் காற்றேற்றினேன். உஸ் என்று சீறுகிற சத்தம் காதுக்கே கேட்டது. பூசினேன். குமிழி வரவில்லை. இன்னும் பூசினேன். சத்தம் இருக்கிறது, குமிழி இல்லை. சவர்க்காரத் தண்ணீர் வைக்கிற தகரப் பேணியை முகர்ந்து பார்த்தபோதுதான் விளங்கியது. காலையில் யாரோ சவர்க்காரத் தண்ணீரில் கை கழுவிவிட்டு, பேணியை வெறும் தண்ணீரால் நிரப்பி வைத்திருக்கிறார்கள்.

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். புதிதாகக் கரைத்துப் பூசியதும் அவருடைய போத்தலின் மூன்றாவது பொருத்தில் குமிழி பொங்கிக்கொண்டு வந்தது.

"முதல் சோதினையைச் சோதிக்கோணும் அண்ணை. பிறகுதான் போத்தலை," என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

அதுதான் அவருடைய குணம். ஒருவர் எதையாவது அடித்துச் சொன்னால், "அது இல்லாமலும் ஒருக்காப் பாத்தனீங்களோ?" என்று கேட்பார். குற்றம் பிடிக்கிற கேள்வி இல்லை. உண்மையிலேயே அறிய ஆசைப்பட்டுக் கேட்பார். அதனால்தான் பதில் சொல்லக் கஷ்டமாக இருக்கும்.

என் மனைவி ஒருநாள் அவருக்குத் தேத்தண்ணீர் கொடுக்கும்போது, அரிசி வைக்கிற தகர ரின்னுக்குள் வேப்பிலை போட்டு வைத்தால் வண்டு பிடிக்காது என்று சொன்னாள். அவர் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வேப்பிலை போடாமல் அதே அரிசியை அதே மாதிரி இன்னொரு ரின்னிலை வைச்சுப் பாத்தனீங்களோ அக்கா?" என்றார். மனைவிக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "என்ரை அம்மா காலத்திலை இருந்து போடுறது," என்றாள். அவர் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். மூன்று மாதம் கழித்து, கோப்பாயிலிருந்து வேகாத வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து, கடையைத் தாண்டி, பின்னாலுள்ள எங்கள் வீட்டுக் குசினி வாசலுக்கு நேரே போய், "அக்கா, நீங்கள் சொன்னது சரி. போடாத ரின் முழுக்க வண்டு," என்றார். என் மனைவிக்கு யாரும் அவ்வளவு மரியாதை செய்ததில்லை. அன்றிலிருந்து அவருக்கு எங்கள் வீட்டில் தேத்தண்ணீரோடு கடிக்க ஏதாவது கிடைக்கும்.

பெரிய படிப்புக்காரி என்று எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. கோப்பாய்க்காரர், மெதடிஸ்ற் குடும்பம். குளிர் நாடொன்றில் பல வருசம் ஆராய்ச்சி செய்துவிட்டு, தனியாக இருந்த தமக்கைக்குத் துணையாகத் திரும்பி வந்தவர். பல்கலைக்கழகத்தில் அவருக்குக் கிடைத்திருந்தது தற்காலிகப் பதவி, ஒரு நீளமான அறை, பழுதாகிப் போகிற இரண்டு குளிர்ப்பெட்டிகள். அந்தக் குளிர்ப்பெட்டிகளைத் திருத்தப் போகத் தொடங்கியதில்தான் எங்கள் பழக்கம் வளர்ந்தது.

அறையின் யன்னலோரம் வரிசையாகப் போத்தல்கள். உள்ளே பாசி படிந்த குளத்தை அள்ளி ஊற்றியதுபோலப் பச்சைத் தண்ணீர்.

"உது என்ன மிஸ், கேணித் தண்ணியோ?"

"பற்றீரியா அண்ணை, ஒருவகைக் கிருமி. வெயிலிலை சீவிக்கிறதுகள். மரம் மாதிரித்தான். வெயிலை வாங்கித் தண்ணியை உடைச்சு, அதாலை வாற சக்தியிலை வளருதுகள். நாங்கள் உதுகளின்ரை மரபணுவுக்கை வேறை ஒரு பற்றீரியாவின்ரை துண்டொண்டைப் புகுத்தியிருக்கிறம். அந்தத் துண்டு, சக்தியிலை கொஞ்சத்தை எடுத்து ஐதரசன் எண்ட வாயுவைச் செய்யும்."

"ஐதரசனாலை என்ன பிரயோசனம்?"

"எரியும். பெற்றோலுக்குப் பதிலாப் பாவிக்கலாம். எரிஞ்சால் புகை வராது, தண்ணிதான் மிஞ்சும்."

"அப்ப வெயிலும் தண்ணியும் குடுத்தால் காணும். காஸ் வரும்."

"வரும். ஆனா ஒரு கரைச்சல் இருக்கு. தண்ணியை உடைக்கேக்கை, நாங்கள் மூச்சிழுக்கிற ஒட்சிசனும் வந்திடும். ஒட்சிசன் பட்டால் நாங்கள் புகுத்தின துண்டு வேலை செய்யாது. தான் விடுற மூச்சே தன்ரை வேலையைக் கெடுக்குது. ரண்டையும் ஒரே உடம்புக்கை சண்டை இல்லாமல் வைச்சிருக்க ஏலுமோ எண்டு பாக்கிறதுதான் என்ரை வேலை."

அது எனக்கு உடனே விளங்கியது. ஒரே கடையில் இரண்டு தம்பிமாரை வைத்துத் தொழில் செய்தவன் நான்.

வெளிச்சத்தில் இருந்த ஒவ்வொரு போத்தலுக்கும் சோடியாக இன்னொரு போத்தல் இருந்தது. அதே பச்சைத் தண்ணீர், அதே குழாய். ஆனால் பழைய குடைத்துணியில் அவரே தைத்த கறுப்புச் சட்டை போட்டுப் பெட்டிக்குள் வைத்திருப்பார். அதை இருட்டுப் போத்தல் என்பார். வெயிலால்தான் வாயு வருகிறது என்று சொல்வதானால், வெயில் இல்லாத இடத்தில் அது வரக்கூடாது. அதையும் காட்ட வேண்டும். "இதிலை ஒண்டும் வராட்டித்தான் மற்றதிலை வாறதுக்கு மதிப்பு," என்று சொல்லிக்கொண்டு, ஒன்றும் வராத போத்தலைத் தினமும் அக்கறையாகப் பார்ப்பார்.

தமக்கை ஓய்வுபெற்ற தாதி. கர்த்தரில் ஆழ்ந்த விசுவாசம். தங்கையின் ஆராய்ச்சிக்காகத் தினமும் செபம் செய்வார். தங்கை சும்மா இருப்பாரா? "ஒரு கிழமை செபியுங்கோ, ஒரு கிழமை விடுங்கோ. எந்தக் கிழமை வாயு கூட வருது எண்டு பாப்பம்," என்று சொல்லியிருக்கிறார். தமக்கைக்குக் கோபம் வந்துவிட்டது. "எந்தக் கிழமை செபிச்சனான் எண்டு உனக்கு நான் சொல்லவேமாட்டன்," என்றாராம். தங்கைக்கு அதில் ஒரே சந்தோசம். "அது இன்னும் நல்லது. எனக்குத் தெரியக்கூடாது. நீங்கள் ஒரு கொப்பியிலை மட்டும் எழுதி வையுங்கோ."

இதை என்னிடம் சொன்னது தமக்கைதான். "இவளோடை ஒழுங்காக் கோவிக்கவும் ஏலாது தம்பி," என்றார். ஆனாலும் கொப்பியில் எழுதி வைத்தார். பின்னர் கொப்பியையும் வாயுக் கணக்கையும் ஒத்துப் பார்த்தபோது வித்தியாசம் ஒன்றும் இருக்கவில்லை. "ஆண்டவர் உன்ரை சோதினைக்கெல்லாம் வந்து நிக்கமாட்டார்," என்றார் தமக்கை. தங்கை யோசித்துவிட்டு, "அதுவும் இருக்கலாம்," என்று சொல்லி அதையும் எழுதிக்கொண்டாராம்.

பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடே வரிசையில் நின்ற காலம் வந்தது. காஸ் சிலிண்டர்களைச் சங்கிலியால் கட்டிப் போட்டுவிட்டு ஆட்கள் மதில் நிழலில் குந்தியிருந்தார்கள். மின்சாரம் மணிக்கணக்காக நின்றது. அப்போதுதான் ஊர் அவரைக் கண்டுபிடித்தது. பாசித் தண்ணீரிலிருந்து பெற்றோல் எடுக்கிற மிஸ் ஒருவர் இருக்கிறாராம் என்ற கதை பரவியது. விலாசம் கேட்டு என் கடைக்கு ஆட்கள் வந்தார்கள்.

சண்டிலிப்பாயிலிருந்து ஒரு தோட்டக்காரர் வந்தார். தண்ணீர் இறைக்கும் மிசினுக்கு மண்ணெண்ணெய் இல்லாமல் வெங்காயம் வாடுகிறது. நான் அவரை மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகவில்லை. எனக்கும் பெற்றோல் இல்லை. இருவரும் சைக்கிளில்தான் பல்கலைக்கழகத்துக்குப் போனோம். மிஸ் அவரைக் கதிரையில் இருத்தி எல்லாப் போத்தலையும் காட்டினார்.

"என்ரை மிசின் உதிலை ஓடுமோ பிள்ளை?"

வேறு யாரும் என்றால், ஒருநாளைக்கு ஓடும் ஐயா என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். அவர் சொன்னார்: "இப்ப ஓடாது ஐயா. இஞ்சை இருக்கிற எல்லாப் போத்தலிலும் ஒரு கிழமையா வாறதை எரிச்சாலும் ஒரு பேணி தேத்தண்ணி கொதிக்காது. எனக்கு வயது போறதுக்கிடையிலை ஓடுமோ எண்டும் தெரியாது."

தோட்டக்காரர் கதிரையை விட்டு எழுந்தார். "உண்மையைச் சொன்னியள். மற்ற எல்லாரும் நாளைக்குக் கப்பல் வருது எண்டுதான் சொல்லுறாங்கள்," என்றார். திரும்பும் வழியில் அவருக்கு மனக்குறை இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த நாட்களில்தான் அதிசயம் நடந்தது. ஒட்சிசனைக் கொஞ்சம் தாங்கக்கூடிய புதிய வகைப் பற்றீரியாவை அவர் உண்டாக்கியிருந்தார். புதுப் போத்தல்களை வைத்து ஒரு கிழமைக்குள் வாயு கொட்டத் தொடங்கியது. முன்பு ஊசி முனை அளவு வந்த இடத்தில் இப்போது குமிழி குமிழியாக வந்தது. துறைத்தலைவர் ஒரு நாளைக்கு இரண்டு தரம் அறைக்கு வந்து எட்டிப் பார்த்தார். நல்ல மனிதர். அந்தத் துறையை நடத்த அவர் படுகிற பாடு எனக்குத் தெரியும். வெளிநாட்டிலிருந்து ஆராய்ச்சிக்கு உதவுகிற ஒரு குழு வர இருந்தது. அவர்களுக்குப் பிடித்தால் மிஸ்ஸின் பதவி நீடிக்கும், அறைக்குப் புதுச் சாமான்கள் வரும். பிடிக்காவிட்டால் அந்த வருசத்தோடு எல்லாம் முடிந்தது.

வாயுவை மின்சாரமாக்கும் சிறிய பெட்டி ஒன்றில் விளையாட்டு விசிறி ஒன்றை இணைத்து, வருகிற குழுவுக்குக் காட்டுவது என்று ஏற்பாடு. அந்தப் புதுப் போத்தல்களுக்குத் தொடக்கத்திலேயே குழாய் பொருத்தியதும் நான்தான்.

குழு வரும் நாளுக்கு முதல் நாள் மத்தியானம் அவர் கடைக்கு வந்தார். சைக்கிளை நிறுத்தாமல் சாய்த்துப் பிடித்தபடியே நின்றார்.

"அண்ணை, இருட்டுப் போத்தலிலையும் வருது."

"என்ன வருது?"

"வாயு. போத்தல் கிடைக்காமல் புதுசுக்கு இருட்டுச் சோடி பிந்தித்தான் வைச்சனான். வெளிச்சத்திலை வாற அளவு அப்படியே இருட்டிலையும் வருது. அப்ப அது வெயிலாலை வாறதில்லை. வேறை ஏதோ கிருமி உள்ளுக்கை போய், அங்கை கிடக்கிறதைத் திண்டு புளிச்சு வாயு விடுது. என்ரை பற்றீரியா ஒண்டும் செய்யேல்லை."

தலைவரிடம் அப்போதே சொல்லிவிட்டாராம். தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டு, நாளைக்கு விசிறியை மட்டும் காட்டுவோம், அவர்கள் போன பிறகு ஆறுதலாகப் பார்த்துக் கடிதம் எழுதுவோம் என்றிருக்கிறார்.

"அதிலை பிழை ஒண்டும் இல்லைத்தானே மிஸ். பொய் சொல்லச் சொல்லேல்லையே," என்றேன். எனக்கு அவருடைய பதவி போய்விடக்கூடாது.

அவர் சைக்கிளில் ஏறிப் போனார்.

மறுநாள் குழாய்களைக் கவனிக்க நானும் அறையில் ஒரு ஓரமாக நின்றேன். குழுவில் ஐந்து பேர். தலைவர் அழகாகக் கதைத்தார். மிஸ் வாயுக் குழாயின் அடைப்பைத் திறந்தார். சின்ன விசிறி முக்கி முனகிச் சுற்றத் தொடங்கியது. எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கே மெய்சிலிர்த்தது.

"ஒரு நிமிசம்," என்றார் அவர் ஆங்கிலத்தில். இருட்டுப் போத்தல் பெட்டியைத் திறந்து கறுப்புச் சட்டை போட்ட போத்தலை வெளியே எடுத்து வைத்தார். குழாயைக் கழற்றி இதற்கு மாற்றினார். விசிறி நின்றது. பிறகு சுற்றியது. முந்தியதைவிடக் கொஞ்சம் உற்சாகமாகக்கூடச் சுற்றியது.

"இந்தப் போத்தலிலை வெளிச்சமே படேல்லை. அதாலை நீங்கள் இவ்வளவு நேரமும் பாத்தது என்ரை கண்டுபிடிப்பு இல்லை. ஏன் இப்பிடி நடந்தது எண்டு எனக்கு இன்னும் தெரியாது. கண்டுபிடிச்சுச் சொல்லுறன்," என்ற கருத்தில் பேசினார். அவ்வளவு ஆங்கிலம் எனக்கு விளங்கியது. தலைவரின் முகத்தை நான் பார்க்கவில்லை. குழுவில் இருந்த நரைத்த தலைப் பெண் ஒருவர் மட்டும் கிட்ட வந்து, கறுப்புத் துணியின் தையலைத் தொட்டுப் பார்த்தார்.

அன்று கடைக்குத் திரும்பியும் எனக்கு வேலையில் மனம் செல்லவில்லை. காரணம், எனக்கு ஒரு விசயம் தெரியும்.

குழாயைப் பொருத்துமுன் வாயில் வைத்து ஒருதரம் ஊதிப் பார்ப்பது என் பழக்கம். அடைப்பு ஏதும் இருக்கிறதா என்று அறிய. அவர் கிருமி இல்லாமல் அவித்து, பொதி செய்து தந்த குழாய்களை, பொதியைப் பிரித்து, ஒவ்வொன்றாக ஊதித்தான் பொருத்தியிருந்தேன். யாரும் பார்க்கவில்லை. எனக்கே அது நினைவில் இருக்கவில்லை, முதல் நாள் மத்தியானம் அவர் கிருமி என்று சொல்லும்வரை. சொல்லியதும் ஊதியதெல்லாம் நினைவுக்கு வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் மனைவியிடம் சொன்னேன். "போய்ச் சொல்லுங்கோ. அந்தப் பிள்ளை எனக்கு வண்டைப் பற்றிச் சொல்ல வெயிலுக்கை வந்தது," என்றாள்.

போனேன். அவர் போத்தல் கழுவிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்.

"மிஸ், குழாயெல்லாம் நான் வாயாலை ஊதினனான். நீங்கள் அவிச்சுத் தந்த பிறகு. என்னாலைதான் எல்லாம் போச்சு."

ஏசுவார் என்று நினைத்தேன். அல்லது பரவாயில்லை அண்ணை என்று சொல்லுவார் என்று நினைத்தேன். இரண்டும் நடக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணில் ஒரு வெளிச்சத்தோடு, "எத்தனை குழாய்?" என்றார்.

"எல்லாம்."

"அப்ப ஊதாத குழாய் ஒண்டும் இல்லையே. சரி. இருங்கோ."

ஆறு குழாய்களை அவித்து எடுத்தார். மூன்றை என்னிடம் தந்து, வழக்கம்போல ஊதச் சொன்னார். இயல்பாக ஊத வேண்டும், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்து எதையும் ஊதியதில்லை. மற்ற மூன்றையும் அவர் கையுறை போட்டுத் தொட்டார். ஆறையும் புதுப் போத்தல்களில் பொருத்தி, ஆறுக்கும் கறுப்புச் சட்டை போட்டு வைத்தார். அவற்றோடு வேறு சில போத்தல்களையும் வைத்தார். அவை எதற்கென்று நான் கேட்கவில்லை. "பத்து நாள் பொறுங்கோ அண்ணை. அதுவரைக்கும் நீங்கள்தான் காரணம் எண்டு நினைக்கவும் வேண்டாம், இல்லை எண்டு நினைக்கவும் வேண்டாம்."

அப்படி இருக்க அவரால் முடியும். நான் அந்தப் பத்து நாளும் நான்தான் காரணம் என்றே இருந்தேன்.

பதினோராம் நாள் ஆய்வுகூடத்துக்குக் கூப்பிட்டார். ஊதிய மூன்றில் இரண்டு போத்தல் கலங்கிப்போயிருந்தன.

"உங்கடை வாயிலை இருந்து கிருமி உள்ளுக்கை போனது உண்மை," என்றார்.

"அப்ப நான்தான் மிஸ்," என்றேன்.

"ஆனா அதுகள் ஒரு வாயுவும் விடேல்லை. சும்மா இருந்து திண்டிருக்குதுகள். உள்ளுக்கை போய் வாயு விட்டது வேறை கிருமி." பிறகு மேசையின் மற்றப் பக்கத்தைக் காட்டினார். அங்கே மூன்று போத்தல்கள் பொங்கிக்கொண்டிருந்தன. "இதுக்குக் குழாயே போடேல்லை. பற்றீரியாவுக்குச் சாப்பாடாக் குடுக்கிற நீரை நான் புதுப் போத்தல் வைச்ச அண்டைக்குப் பெரிய பாத்திரத்திலை அவிய வைச்சிட்டு மண்ணெண்ணெய் வரிசைக்குப் போனனான். இடையிலை கறண்ட் நிண்டிருக்கு. வந்து பாக்கேக்கை பாத்திரம் ஆறிப்போய் இருந்தது, அவிஞ்சு முடிஞ்சுது எண்டு நினைச்சிட்டன். இப்ப அதே மாதிரி அரைகுறையா அவிச்சுப் பாத்தன். அதே வாயு. அண்டைக்குக் கிருமியை உள்ளுக்கை விட்டது நான்தான் அண்ணை."

அதை அப்படியே, தன் பிழை என்று, குழுவுக்குக் கடிதமாக எழுதினார். உதவி கிடைக்கவில்லை. தலைவர் சில வாரம் அவரோடு தேவைக்கு மட்டும் கதைத்தார். பதவி வருச முடிவோடு முடிகிறது என்று கடிதம் வந்தது.

மிச்சமிருந்த மாதங்களில், மின்சாரம் நிற்காத நேரம் பார்த்து, பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே கதிரை போட்டுக் காவலிருந்து அவித்து, எல்லாவற்றையும் மறுபடி தொடங்கினார். நான் கையுறை போட்டுக் குழாய் பொருத்தினேன். ஊதவில்லை. ஒருநாள் பகல் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வெளிச்சப் போத்தலின் குழாயில், தண்ணீருக்கு மேலே வாயு சேர்ந்த ஒரு சிறிய இடைவெளி. விரல் நகத்தின் பாதி அளவுகூட இராது. விசிறி அதில் அசையவும் மாட்டாது. இருட்டில் ஒன்றும் இல்லை. மூன்று சோடியிலும் அப்படியே.

"பழசைவிடக் கூடத்தான் அண்ணை. கொஞ்சம்தான். ஆனா வெயிலாலை வந்தது," என்றார். விசிறி சுற்றிய அன்று அவர் முகத்தில் நான் காணாத சந்தோசம் அது. அந்தச் சின்ன இடைவெளியைப் பார்க்க என் மனைவியையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். அவளும் வந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "ஓம், கிடக்கு," என்றாள்.

குழுவில் வந்த நரைத்த தலைப் பெண், வெளிநாட்டிலுள்ள தன் ஆய்வுகூடத்துக்கு வரச்சொல்லி எழுதியிருந்தார். மிஸ் தமக்கையையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். கொழும்புக்குப் போகிற காலை வண்டிக்கு என் ஓட்டோக்கார நண்பர் ஒருவருடன் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்க் கொக்குவில் நிலையத்தில் இறக்கிவிட்டேன். தமக்கை உள்ளே போய் யன்னலோரம் இருந்துகொண்டார். மிஸ் மேடையிலேயே நின்றார்.

நெடுநாள் மனதில் கிடந்ததைக் கேட்டேன்.

"மிஸ், நான் ஊதினதுதான் காரணம் எண்டு வந்திருந்தால் என்ன செய்திருப்பியள்?"

"உங்களிட்டைத்தான் முதல் சொல்லியிருப்பன்."

"சொல்லிப்போட்டு?"

இதற்கு அவர் யோசிக்கவே இல்லை.

"அடுத்த குழாயையும் உங்களிட்டைத்தான் கொண்டந்திருப்பன் அண்ணை. வேறை ஆர் வந்து சொல்லுவினம்?"

வண்டி ஊதியது. அவர் ஏறிக்கொண்டார். தமக்கை யன்னலால் கையை நீட்டி என் கையைப் பிடித்தார். மிஸ் பின்னால் நின்று தலையை ஆட்டினார். வண்டி அடுத்த நிலையமான யாழ்ப்பாணத்தை நோக்கிப் போயிற்று. நான் கடையைத் திறக்கப் போனேன்.